மதிலின் உள்ளும் புறமும்

விழா மலரில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் பழம்பெருமை பேசுவர். அன்றேல் எதிர்காலத்துக்கு ஆசி கூறுவர். இவ்விரண்டும் வேண்டியனவே. ஆயினும் மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, பழைய மாணவர் சங்கத்தாருக்கும் எமக்கும் இடையே அண்மையில் எழுந்த ஒரு சிறு கருத்து வேறுபாட்டையே பொருளாகக் கொள்ளத் துணிந்தோம். அன்பின் காரணமாக எழுந்த வேறுபாடாதலின், அதனை அம்பலத்தில் வைப்பதால் எவர்க்கும் மனவருத்தம் நேராது என நம்புகின்றோம்.

செய்தி இதுதான். விழா ஆண்டை முன்னிட்டு, உயர்தர வகுப்பு மாணாக்கருக்குச் சங்கத்தார் ஒரு பரிசளிக்க விரும்பினர். கடற்கரை உல்லாச விடுதி ஒன்றில் இரண்டு நாள் தங்கவைத்தல் என்பது அவர்தம் எண்ணம். ஆங்கே நீச்சற் றடாகம் உண்டு, நீர்ச்சறுக்கு உண்டு, விளையாட்டுக் களங்கள் உண்டு, மூன்று வேளையும் வேண்டியமட்டும் உண்ணலாம். பஸ் வண்டி வாயிலிற் கொண்டுபோய் இறக்கும்; மறுநாள் அதே வாயிலில் ஏற்றிக்கொள்ளும். செலவைப் பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் ஏற்பதாக வாக்களித்துள்ளனர். ஆசிரியர் கூட்டத்திலே இச்செய்தி வாசிக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்ந்தனர். யாமும் மகிழ்ந்தோம். ஆனால் மகிழ்ந்ததோடு அமையாது எழுந்து, "ஒரு நாள் உள்ளே இருக்கட்டும்; மற்ற நாள் வெளியே போகட்டும்" என்று ஒரு சொல் சொன்னோம். உடனே அன்பர் ஒருவர் நகைத்து, "வெளியே என்ன இருக்கிறது, சேர்? நாங்கள் நாளாந்தம் காண்பதுதானே?" என்றார்.

அந்த வினாவுக்கு அன்று விடை கூறக் கூட்டத்தில் நேரம் இருக்கவில்லை. இக்கட்டுரை அந்த விடையாகும்.

மதில் எழுப்பி அதனுள்ளே ஓர் உல்லாச உலகம் அமைக்கும் கலை மிகப் பழையதன்று. 1955 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து அனகைம் நகரில், வால்ட் டிஸ்னி என்பார் டிஸ்னிலாந்து என்னும் களியாட்டப் பூங்காவைத் திறந்தார். பூங்கா பெருவெற்றி பெற்றது. ஆனால் அதன் வாயிலுக்கு வெளியே பிறர் விடுதிகளும் கடைகளும் கட்டிக்கொண்டனர். வந்தோரின் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போயிற்று. இதனை மனங்கொண்ட டிஸ்னி, அடுத்த பூங்காவுக்கெனப் புளோரிடா மாநிலத்தில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் நிலத்தைத் தம் பெயர் வெளிப்படாவண்ணம் வாங்குவித்தார். 1966 இல் அவர் மறைந்தார். 1971 ஒக்டோபரில் அப்பூங்கா திறக்கப்பட்டது. இம்முறை விடுதிகளும் உண்டிச்சாலைகளும் கடைகளும் அவர்தம் நிலத்துக்குள்ளேயே அமைந்தன. இதற்கு முன்னரே, 1950 இல், ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவிலே கூடாரங்களோடு தொடங்கிய 'கிளப் மெடித்தெரானே' என்னும் ஸ்தாபனம், உணவு, உறையுள், விளையாட்டு அனைத்தையும் ஒரே கட்டணத்துள் அடக்கும் வழியை உலகுக்குக் காட்டியிருந்தது.

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கின் உண்மை ஒன்று புலனாகும். மதில் என்பது கல்லினால் மட்டும் ஆவதன்று, கட்டணத்தாலும் ஆவது. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கொடுத்த ஒருவன், வெளியே சென்று ஒரு கோப்பை தேநீர் குடித்தாலும் அதனை வீண்செலவென்றே எண்ணுவான். வாயிற் கதவு திறந்தே இருக்கும். ஆனால் அவன் கால் அதனைக் கடவாது.

நமது கிழக்குக் கரைக்கும் இம்முறை வந்து சேர்ந்துள்ளது. மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவிலே போருக்கு முன்னரும் விடுதிகள் இருந்தன. போர்க்காலத்தில் அவை பாழாயின. 2009 இல் போர் முடிந்தபின், நெடுந்தூரம் நடந்து சென்றாலும் ஆழம் காணாத அந்த அமைதியான குடாவின் வளைந்த கரையிலே நட்சத்திர விடுதிகள் வரிசையாக எழுந்தன. அவற்றால் நம் இளைஞர் சிலர்க்கு வேலை கிடைத்தது. அதனை மறுப்பது நன்றியின்மையாகும். விடுதிகளைக் குறை கூறுவது எமது நோக்கமுமன்று. வருவோர் அங்கிருந்து வெளியே வாராமல் இருப்பதையும், அவ்வாறே இருக்கும்படி நம் பிள்ளைகளையும் பழக்குவதையுமே பேசுகின்றோம்.

இனி எமது அனுபவத்தைக் கூறுவோம். தமிழாசிரியனுக்கு வாய்த்த தனிப்பேறு ஒன்றுண்டு: சுற்றுலா சென்று மீண்ட மாணாக்கரின் கட்டுரைகளைத் திருத்தும் பேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பு மேற்குப் புறத்தில் உள்ள நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்குச் சென்று வந்தது. இரவு முழுவதும் பஸ்ஸில் உறக்கம். பகல் முழுவதும் நீரில் ஆட்டம். மீண்டும் இரவு முழுவதும் உறக்கம். முப்பத்தாறு கட்டுரைகள் எம் மேசைக்கு வந்தன. முப்பத்தாறும் ஒரே கட்டுரை. "அதிகாலையில் சென்றடைந்தோம், நீரில் இறங்கினோம், மிகவும் மகிழ்ந்தோம், களைப்புடன் திரும்பினோம்." ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதினானோ என ஐயுற்று விசாரித்தோம். இல்லை. உண்மையிலேயே அவர்கள் அனைவரும் ஒன்றையே கண்டிருந்தனர். வழியில் எத்தனையோ ஊர்கள், மலைகள், ஆறுகள் கடந்திருப்பர். ஒன்றன் பெயரும் எந்தக் கட்டுரையிலும் இல்லை. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மகிழ்ச்சியைச் சொல்ல அவர்களிடம் சொல் இருக்கவில்லை. சொல் இல்லாமைக்குக் காரணம், கண்ட பொருள் இல்லாமையே.

பின்னர் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருளுக்காக மக்கள் வரிசையிற் காத்துக் கிடந்த அக்காலத்தில் சுற்றுலாவை எவர் நினைப்பார்? அடுத்த ஆண்டிலும் நெடுந்தூரப் பயணத்துக்குப் பஸ் வாடகை எட்டாத உயரத்திலேயே நின்றது. பிள்ளைகளின் முகவாட்டத்தைக் காணச் சகியாது, "சரி, நம் கரையையே பார்த்து வருவோம்" என்று ஒரு பகற்பொழுதுக்கு மட்டும் பஸ் ஒன்றை ஒழுங்கு செய்தோம். வேறு வழியின்றிச் செய்த காரியம் அது. அதில் எமக்கு எப்பெருமையும் இல்லை.

அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தை வடக்கிருந்து தெற்காக நோக்குவோர்க்கு அதன் அமைப்பு வியப்பூட்டும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒரே தெருவிற் கோத்த மணிகள் போல் நிற்கும். ஒன்று இந்துக்களின் ஊர். அடுத்தது இஸ்லாமியரின் ஊர். சில ஊர்களில் இருவரும் உளர். கிழக்கே கடல், மேற்கே வயல். நெய்தலும் மருதமும் ஒரு கூப்பிடு தூரத்தில் அமைந்த நிலம் இது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்களை மேற்கே கண்டு, திரும்பினால் கரைவலை இழுப்போரின் குரல் கிழக்கே கேட்கும். ஐந்திணையைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் யாம், இரு திணைகளைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு கற்பிக்கின்றோம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

முதலில் மருதமுனையில் இறங்கினோம். கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். ஒரு வீட்டின் உள்ளிருந்து 'டக், டக்' என ஓசை வந்தது. மாணவன் ஒருவன், "சேர், அது என்ன சத்தம்?" என்றான். அவன் வீடு அங்கிருந்து சில மைல் தூரத்திலேயே உள்ளது. பதினேழு ஆண்டு வாழ்வில் அத்தெருவிற் கால் வைத்திலன், அவ்வோசையைக் கேட்டிலன். வாயிலில் நின்ற மூதாட்டியார், "ஏன் வெயிலில நிக்கிறீங்க மகன், உள்ளுக்கு வாங்க" என்று அழைத்தார். பிள்ளைகள் தறியைச் சூழ்ந்து நின்றனர். பாவு எது, ஊடை எது, நாடா எவ்வாறு ஓடுகின்றது என்பதையெல்லாம் அவ்வம்மையார் மகனார் காட்டினார்.

ஈண்டு எமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இருபது ஆண்டுகளாக வகுப்பிலே பழந்தமிழர் நெசவின் நுண்மையைப் பற்றிப் பேசியிருக்கின்றோம். பாம்பின் சட்டையையும் பாலாவியையும் உவமை கூறி விளக்கியிருக்கின்றோம். ஆனால் அயலூர்த் தறியொன்றின் முன் அன்று வரை நின்றதில்லை. மாணவன் கேட்ட வினாவை அவனுக்கு முன் யாம் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மூதாட்டியார் தேநீர் தந்துகொண்டே ஒரு பிள்ளையை நோக்கி, "நீங்க என்ன குடி, மகன்?" என்று வினவினார். பிள்ளை விழித்தான். அவனுக்குத் தன் குடி தெரியாது. "எங்கட ஆக்களுக்கும் குடி இருக்கு, உங்கட ஆக்களுக்கும் குடி இருக்கு; தாய்ர குடிதான் பிள்ளைக்கு" என்று அவர் விளக்கினார். இக்கரையிலே இந்துக்கள், இஸ்லாமியர் ஆகிய இரு சாராரும் தாய்வழிக் குடிமுறையைப் போற்றி வந்தவர்கள். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவழியாகவே பொறுப்பேற்றனர். இரு சாராரிடத்தும் வீடு மகளுக்கே சீதனமாகும். மருமகனே பெண்வீடு வந்து சேர்வான். வேற்றூர்க்காரர்க்கு இவை பெருவியப்பு. டென்னிஸ் மக்கில்வ்றே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, மக்களோடு பழகி, பல்லாண்டு ஆராய்ந்து, இவ்விரு சமூகங்களையும் பற்றிய பெருநூலை 2008 இல் வெளியிட்டார். விடுதி முற்றத்துச் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு அந்நூலை எழுதியிருத்தல் இயலாது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் அறிந்ததை அயல்வீட்டுப் பிள்ளை அறியான் என்பது நமக்குப் பெருமை தருவதன்று. அன்றிரவு அம்மாணவன் தன் பாட்டியிடம் சென்று குடியைக் கேட்டானாம். பாட்டி விடிய விடியக் கதை சொன்னாராம். அவன் எழுதிய கட்டுரை பதினொரு பக்கம்.

பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலை வழிபட்டோம். பதினெட்டு நாட் சடங்காகப் பாரதக் கதை அங்கே நடத்திக் காட்டப்பெற்றுத் தீமிதிப்போடு நிறைவுறுவதைப் பூசகர் விளக்கினார். பாரதத்தைப் பாடநூலில் மட்டும் கண்டோர்க்கு, ஓர் ஊரே அதனை ஆண்டுதோறும் வாழ்ந்து காட்டுகின்றது என்பது புதுச்செய்தி. அடுத்துக் கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிக்குச் சென்றோம். நாகூரில் அடக்கமாகியுள்ள ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக அமைந்த தலம் அது. ஆண்டுதோறும் கொடியேற்றிப் பன்னிரண்டு நாள் விழா நடைபெறும். நேர்த்தி வைத்து வருவோரில் இந்துக்களும் உண்டு. காலணியைக் கழற்றி, தலையை மறைத்து, பெரியவர் ஒருவரின் அநுமதி பெற்றுப் பிள்ளைகள் உள்ளே சென்றனர். அன்று அவர்கள் கற்ற மரியாதை, யாம் ஓராண்டு கற்பித்தாலும் வாராதது.

பள்ளியின் எதிரே கடல். அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை "காக்கா" என அழைத்து மாணாக்கர் பேச்சுக் கொடுத்தனர். சிறிது நேரம் சென்றபின் அவர் எழுந்து, நீரோரத்து மணற்பரப்பு ஒன்றைக் கையாற் சுட்டி, "இதுதான் எங்கட அடுக்களை" என்றார். அங்கே மணலன்றி வேறொன்றும் இல்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலை வந்த ஆழிப்பேரலையில், இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என எவ்வூரையும் அலை மதம் பார்த்து விடவில்லை. அதன்பின் கரையிலிருந்து 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாதெனக் கிழக்கில் முதலில் விதிக்கப்பட்டதும், பின்னர் அது தளர்த்தப்பட்டதும், இடைக்காலத்தில் மக்கள் கூடாரங்களில் வெந்ததும் பெரியோர் அறிவர். எம் முன்னால் நின்ற பிள்ளைகளோ அப்பேரலைக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்குக் கடல் என்பது படம் எடுக்கும் இடம். அந்த முதியவர் தம் இல்லத்தின் எல்லையை மணலிற் காலாற் கோடிழுத்துக் காட்டினார். முன் வாசல், கிணறு, மாமரம் எனக் காட்டிக்கொண்டே வந்தார். எவரும் பேசவில்லை. கையிலே தொலைபேசி வைத்திருந்த பிள்ளைகளுள் ஒருவரும் படம் எடுக்கவில்லை. அதை எவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

காரைதீவிலே சுவாமி விபுலாநந்தர் பிறந்த மண்ணை மிதித்தோம். 1892 இல் அங்கே தோன்றிய அப்பெரியார், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்ததும், 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றி அதே ஆண்டு மறைந்ததும் பாடநூலில் உள்ளவை. ஆனால் அவ்வூர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசித் திருக்குளிர்த்தியின்போது எழும் பாட்டொலியைக் கேட்டு வளர்ந்த சிறுவனே பின்னர் தமிழிசையின் மூலத்தைத் தேடிச் சென்றான் என்பதை, அக்கோயில் வாயிலில் நின்றே உணர முடியும். பின்னர் ஒலுவிலுக்குச் சென்றோம். 1996 இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் கண்ட பிள்ளைகள், "இங்கே படிக்க வருவேன்" என்றனர். 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களையும் கண்டனர். கடலோட்டத்தோடு கரைநெடுகச் செல்லும் மணலை அக்கற்கள் மறித்ததால், ஒரு பக்கத்தில் மணல் குவிய, மறுபக்கத்தில் கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் வீழ்ந்ததைக் கண்ணாரக் கண்டனர். புவியியல் ஆசிரியர் ஒரு தவணையிற் கற்பிப்பதை அவ்விடம் பத்து நிமிடத்திற் கற்பித்தது.

இம்முறையும் கட்டுரைகள் வந்தன. ஒன்றைப் போல் ஒன்றில்லை. ஒருத்தி தறியைப் பற்றி எழுதினாள். ஒருவன் மணற்கோட்டைப் பற்றி எழுதினான். ஒருவன் நிந்தவூர்க் கடையில் உண்ட எருமைத் தயிரைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் முன்னரிலும் அதிகம். அதற்காக யாம் வருந்தவில்லை. சொல்ல வேண்டியது மிகுந்தவனே பிழை விடுவான்.

இனித் தடைகளை ஆராய்வோம். "வெளியே என்ன இருக்கிறது?" என்னும் தடைக்கு விடை கூறிவிட்டோம். நாளாந்தம் காண்பது என்று நாம் கூறுபவை உண்மையில் நாளாந்தம் கடந்து செல்பவை மாத்திரமே. பஸ்ஸின் சன்னல் வழியாக ஒருநாளைக்கு இருமுறை மருதமுனையைக் கடப்பவன் மருதமுனையைக் கண்டவனல்லன்.

"ஏழைப் பிள்ளைகளுக்கு ஒருநாளாவது அந்த நீச்சற் றடாக இன்பம் வேண்டாமா?" என்பது இரண்டாவது தடை. இதுவே வலிமை மிக்கது. தந்தை கடலுக்குப் போக, தாய் பன்பாய் இழைக்க, வளரும் பிள்ளைக்கு மெத்தையில் ஓர் இரவும் நீரில் ஒரு பகலும் கிடைப்பதைத் தடுக்க எமக்கு மனம் இல்லை, உரிமையும் இல்லை. செல்வர் பிள்ளை நுகரும் இன்பத்தை வறியவன் பிள்ளைக்கு மறுத்து, "நீ ஊரைப் பார்" என உபதேசிப்பது அறமாகாது. ஆதலாலேயே விடுதியை நீக்குக என்று யாம் கூறவில்லை. ஒரு நாளைப் பங்கிடுக என்றே கூறுகின்றோம்.

"வெளியே அழைத்துச் சென்றாற் பாதுகாப்பு?" என்பது மூன்றாவது தடை. பெண்பிள்ளைகளைப் பெற்றோரின் அச்சத்தை யாம் இகழோம். ஆயினும் இந்த அச்சத்தின் அடியில் மற்றோர் அச்சமும் உண்டு. அதனை வெளிப்படக் கூறுவதே நன்று. இக்கரையிலே 1985 இலும் 1990 இலும் இரு சமூகத்தாரிடையே நிகழ்ந்தவை ஆறாத புண்கள். 2019 இல் கல்முனையின் நிருவாகப் பிணக்கு உண்ணாவிரதம் வரை சென்றதையும் கண்டோம். நம் பிள்ளைகள் அயலூராரைப் பற்றி அறிந்ததெல்லாம் இப்பிணக்குகளின் வழியே அறிந்தவை. ஒரே மொழி பேசி, ஒரே குடிமுறை பேணி, ஒரே அலைக்கு இரையான இரு சாராரின் பிள்ளைகள், ஒருவர் வீட்டுத் தேநீரை ஒருவர் அருந்தாமலே பள்ளிப்பருவத்தைக் கடந்து விடுகின்றனர். நாளை இவர்களே அதிகாரிகள், இவர்களே அரசியலார், இவர்களே எல்லை வகுப்போர். விடுதியின் மதில் ஒரு நாளில் நம்மை விட்டு நீங்கும். மனத்தில் எழும் மதிலோ அவ்வாறு நீங்காது. பிள்ளைகளின் பாதுகாப்பு என்பது நெடுநாட் கணக்கிற் பார்த்தால், அயலாரை அறிந்திருத்தலே.

"விடுதிகள் வேலை தருகின்றனவே" என்பது நான்காவது. உண்மை. ஆனால் விருந்தினன் வெளியே வந்தால் முச்சக்கர வண்டிக்காரனுக்கும், தறிகாரனுக்கும், தேநீர்க்கடைக்காரனுக்கும், தயிர் விற்பவளுக்கும் அதே பணத்தில் ஒரு பங்கு சேரும். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் தெற்கிலே, பொத்துவிலை அடுத்த அறுகம்பையிலே, அலைச்சறுக்கு விளையாட வருவோர் ஆண்டின் நடுப்பகுதி மாதங்களிற் குவிகின்றனர். அங்கே பெருமதில்கள் இல்லை. ஊரார் பலர் சிறு விடுதிகளும் உண்டிச்சாலைகளும் நடத்தி வாழ்கின்றனர். ஆயினும் அங்கேயும் குறையுண்டு. வந்தவருட் பலர் அலையை மட்டும் அறிந்து திரும்புகின்றனர். சிறிது தூரத்தில் உள்ள லகுகலைக் காட்டின் யானைகளையோ, கதிர்காம யாத்திரிகர் காட்டுக்குட் புகும் உகந்தை முருகன் சந்நிதியையோ, குமணைப் பறவைகளையோ நாடிச் செல்வோர் சிலரே. மதில் இல்லாத இடத்திலும் மதிலைக் கொண்டு செல்வோர் உளர்.

வெளியே செல்லுதல் என்பது பிறர் ஊரை மிதித்துத் திரிதலன்று என்பதையும் கூறவேண்டும். தொழுகை நேரம் அறிந்து செல்லல், உடையிற் கண்ணியம் காத்தல், கேட்டுப் படம் எடுத்தல், வறுமையைக் காட்சிப்பொருளாக்காமை, விலை பேசி ஏழையை நெருக்காமை ஆகிய ஒழுக்கங்களைக் கற்பிக்காமல் பிள்ளைகளை இறக்கிவிட்டால், அவர்கள் விடுதிக்குள் இருந்திருப்பதே ஊருக்கு நன்மையாகும்.

வழிச்செலவை இலக்கியமாகவே போற்றிய மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்வரும் வறிய கலைஞனுக்கு வழி கூறுவதே அவற்றுட் பெரும்பாலானவற்றின் பொருள். சிறுபாணாற்றுப்படையை நோக்குக. வள்ளலின் மாளிகை இறுதியில் உள்ளது. ஆனால் புலவர் அங்கே நேரே கொண்டுபோய் விடவில்லை. பட்டினத்துப் பரதவர் தரும் மீன், காட்டூரார் தரும் சோறு, மருதநிலத்தார் தரும் விருந்து என ஒவ்வொரு நிலத்தின் மக்களையும் அவர் உணவையும் காட்டியே அழைத்துச் செல்கின்றார். சிலப்பதிகாரத்திலும் புகாரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியை இளங்கோவடிகள் ஒரு வரியிற் கடந்துவிடவில்லை. நாடுகாண் காதை என்றே ஒரு காதை வகுத்தார். அந்தக் கண்ணகியைத் தெய்வமாகக் கொண்ட கரையில் வாழும் நாம், நம் பிள்ளைகளை வாயிலிலிருந்து வாயிலுக்குக் கொண்டுபோய் விடுவது பொருந்துமா?

ஆகவே சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, இரண்டு நாளில் ஒரு நாளை இக்கரையின் ஊர்களுக்கு ஒதுக்குக. இரண்டாவது, அந்நாளின் உணவை விடுதியிலிருந்து பொதி கட்டிக் கொண்டுவராது, ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் விலை கொடுத்து உண்ணச் செய்க. மூன்றாவது, அயலூர் முஸ்லிம் பாடசாலை ஒன்றின் மாணாக்கரையும் அப்பயணத்துக்கு அழைத்து, அவர்களூரை அவர்களே நமக்குக் காட்டவும், நம்மூரை நம் பிள்ளைகளே அவர்களுக்குக் காட்டவும் வழி செய்க. இதற்கு மேலதிகச் செலவு பெரிதில்லை. ஒரு பஸ் வண்டியே வேண்டும்.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். நீவிர் விடுமுறையில் மனைவி மக்களோடு தாயகம் வருகின்றீர்கள். குளிரூட்டிய அறையும் தூய நீரும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று கடலோர விடுதியில் தங்குகின்றீர்கள். அதில் தவறில்லை. எம்மிடம் பயின்ற ஒருவர் சென்ற ஆண்டு அவ்வாறே ஒன்பது நாள் தங்கினார். இறுதி நாளில் எம்மைக் காண வந்தபோது, அவர்தம் மகன், "அப்பா படித்த பள்ளிக்கூடம் இவ்வளவு கிட்டவா?" என்று கேட்டான். தந்தை தலை குனிந்தார். பிள்ளை எம் கையைப் பற்றிக்கொண்டு வகுப்பறைகளைச் சுற்றி வந்தான். தந்தை அமர்ந்த வாங்கிலே அமர்ந்து பார்த்தான். புறப்பட மனமின்றிப் புறப்பட்டான். ஒன்பது நாளில் அவனுக்குக் கிடைத்த ஊர் அந்த ஒரு மணித்தியாலமே. அன்பர்காள், ஒன்பதில் மூன்றையாவது அவர்களுக்குக் கொடுங்கள். உங்கள் கிணற்றைக் காட்டுங்கள். நீங்கள் வீழ்ந்து எழுந்த வாய்க்காலைக் காட்டுங்கள். உங்கள் தந்தையோடு வயல் செய்த காக்காமார் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சங்கத்தாரின் முடிவு இம்மலர் அச்சேறும்வரை எமக்குக் கிட்டவில்லை. எவ்வாறு முடிந்தாலும் அவர்தம் அன்புக்கு எமது நன்றி குறையாது. ஆனால் பயணம் முடிந்தபின் வழக்கம்போற் கட்டுரைகள் எம் மேசைக்கு வரும். அவை ஒன்றாய் வருமா, முப்பத்தாறாய் வருமா என்பதைச் சங்கத்தாரே தீர்மானிக்க வேண்டும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் பிள்ளைகள் உலகெங்கும் செல்க. செல்லுமுன் அயல் தெருவுக்கும் ஒருமுறை செல்க!